ஆலன் மூரும் அச்சு நிற்காத புஸ்தகமும்

சித்திரக்கதை என்றால் பள்ளிச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்பதே படித்தவர்களிற் பலருடைய அபிப்பிராயம். அரசியலும் சட்டமும் பேசவேண்டிய இப்பக்கத்தில் ஒரு சித்திரக்கதை எழுத்தாளரைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதைக் கண்டு நமது நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகரவாசியான மிஸ்டர் ஆலன் மூரின் வாழ்க்கையில், உழைப்பவனுக்கும் அவன் உழைப்பின் பலனை ஆள்பவனுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. எந்த நீதிஸ்தலமும் அவ்வழக்கில் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆகவே பொதுஜனங்களின் முன்னிலையில் அதை விசாரிப்பது தகும்.

மிஸ்டர் மூர் 1953ஆம் வருஷம் நவம்பர் மாதம் 18ந் தேதி பிறந்தார். தந்தை பீர் வடிக்கும் ஆலையில் வேலை செய்த தொழிலாளி. தாய் அச்சுத் தொழில் பார்த்தவர். 'பரோஸ்' என்று வழங்கும் ஏழைகள் பேட்டையே அவர் வளர்ந்த இடம். பதினேழாம் வயதில் போதை மருந்து விற்ற குற்றத்திற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை, நாமும் மறைக்கவேண்டியதில்லை. அதன்பின் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஹோட்டலில் கக்கூஸ் கழுவினார். ஆபீஸ் குமாஸ்தாவாகவும் இருந்தார். சர்வகலாசாலையின் வாயிற்படியை மிதியாத இம்மனிதர், பின்னாளில் ஆங்கில மொழியில் சித்திரக்கதை எழுதும் முறையையே மாற்றிவைத்தார்.

1979ஆம் வருஷத்தில் பத்திரிகைகளுக்குத் தாமே படமும் வரைந்து கதையும் எழுதத் தொடங்கினார். தமக்குச் சித்திரம் தீட்டும் திறமை போதாதென்று விரைவிலேயே கண்டுகொண்டு, எழுத்தை மட்டும் மேற்கொண்டார். தம் குறையைத் தாமே உணர்ந்து ஒதுங்குவது சிலருக்கே கைகூடும். அவ்வூர்ப் பத்திரிகை ஒன்றில் பூனையைப் பற்றிய வாராந்திரச் சித்திரத்தொடர் ஒன்றை மட்டும் 1986 வரை தாமே வரைந்துவந்தார். ஒருபாற் புணர்ச்சியினருக்குச் சமூகத்தில் இடமில்லை என்ற கருத்துப்பட அப்பத்திரிகை தலையங்கம் எழுதியபோது அத்தொடரை நிறுத்திக்கொண்டார். வருமானம் சிறிது, ஆயினும் கொள்கைக்காக வருமானத்தை விடும் வழக்கம் அவரிடம் அப்பொழுதே தோன்றிவிட்டது.

1982ல் லண்டனிலிருந்து 'வாரியர்' என்ற மாதப் பத்திரிகை வெளிவரலாயிற்று. அதில் டேவிட் லாயிட் என்னும் சித்திரக்காரருடன் சேர்ந்து மூர் எழுதத் தொடங்கியதே 'வி ஃபார் வெண்டெட்டா'. பிரிட்டன் பாஸிஸ்டுகளின் ஆட்சிக்கு உட்பட்டால் என்ன ஆகும் என்பதே அக்கதையின் பொருள். 1605ஆம் வருஷத்தில் பார்லிமெண்டை வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதியில் பிடிபட்ட கய் ஃபாக்ஸின் முகமூடியை அணிந்து, தனிமனிதன் ஒருவன் அவ்வாட்சியை எதிர்க்கிறான். அவன் வீரனா, கொலைகாரனா என்ற கேள்வியை ஆசிரியர் தாம் தீர்க்காமல் வாசகனிடம் விட்டுவிடுகிறார். சிறுவர் கதையில் இத்தகைய கேள்விக்கு இடமேது?

இங்கே சித்திரக்கதைத் தொழிலின் ஸ்திதியைச் சிறிது விளக்குவது அவசியம். அமெரிக்கக் கம்பெனிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை இது: எழுதுபவனும் வரைபவனும் பக்கத்துக்கு இவ்வளவென்று கூலி பெறுவார்கள், கதாபாத்திரத்தின் பாத்தியதை முழுவதும் கம்பெனியைச் சேரும். 'சூப்பர்மேன்' என்னும் பாத்திரத்தைக் கற்பனை செய்த ஜெர்ரி ஸீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரு இளைஞர்கள் 1938ல் அதை 130 டாலருக்கு விற்றார்கள். அப்பாத்திரம் கோடிக்கணக்கில் பணம் குவித்தது. அவர்களோ வழக்காடித் தோற்று வறுமையில் உழன்றார்கள். 1975ல் பத்திரிகைகளில் எழுந்த கண்டனத்திற்குப் பிறகே கம்பெனியார் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையின்மேல் அவர்கள் பெயரும் கொடுக்க இசைந்தார்கள். இந்த 'சூப்பர்மே'னை வெளியிடும் டி.ஸி. கம்பெனியே 1983ல் மூரைக் கூப்பிட்டது.

அவர்கள் கொடுத்தது 'ஸ்வாம்ப் திங்' என்ற சதுப்புநிலப் பூதத்தின் கதை. விற்பனை குன்றி, மூடப்படும் தறுவாயில் இருந்த பத்திரிகை அது. சதுப்புநிலத்தில் மாண்ட ஒரு விஞ்ஞானி பூதமாக மாறினான் என்பது பழைய கதை. மூர் அதைத் தலைகீழாக்கினார். அந்தப் பூதம் மனிதனே அன்று. இறந்த மனிதனின் நினைவைத் தன்னுடையதென்று நம்பிவரும் தாவரம் அது என்று எழுதினார். தான் யார் என்ற விசாரணை, இயற்கைக்கு மனிதன் இழைக்கும் கேடு ஆகியவை ஒரு பயங்கரக் கதைக்குள் புகுந்தன. 1954 முதல் அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பரிசீலித்து முத்திரையிட்டுவந்த தணிக்கை ஸ்தாபனம் ஒன்று அக்காலத்தில் இருந்தது. 1984ல் இக்கதையின் 29வது இதழுக்கு அது முத்திரை தர மறுத்தது. முத்திரையின்றியே கம்பெனி இதழை வெளியிட்டது. வாசகர்கள் ஓடிவிடவில்லை, விற்பனை பெருகியது. தணிக்கை முத்திரையைவிட வாசகனின் புத்தியை நம்புவது லாபகரமானது என்பது அன்று வெளியாயிற்று.

1986 முதல் 1987 வரை, டேவ் கிப்பன்ஸ் என்ற சித்திரக்காரருடன் பன்னிரண்டு இதழ்களில் மூர் வெளியிட்ட 'வாட்ச்மென்' என்னும் கதைதான் அவர் புகழின் சிகரம். முகமூடி அணிந்து துஷ்டரை அடக்கும் வீரர்கள் மெய்யாகவே இருந்தால் உலகம் எப்படியிருக்கும் என்று அதில் கேட்டார். அவர்களில் ஒருவன் வெறியன். ஒருவன் கூலிக்கு அரசாங்கத்தின் கொடுமைகளைச் செய்பவன். ஒருவன் அணுசக்தியால் தெய்வம் போலாகி மனித வாழ்வில் சிரத்தை இழந்தவன். மகா புத்திசாலியான மற்றொருவன், அணுயுத்தத்தைத் தடுப்பதற்காக நியூயார்க் நகரத்தில் லக்ஷக்கணக்கான மக்களைக் கொல்கிறான். உலகத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்பவனை யார் காவல் செய்வது? அரசியலில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் இரவில் தனியே இருந்து தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்க கேள்வி அன்றோ இது?

வேலைப்பாட்டிலும் அவர் கொண்ட சிரமம் கொஞ்சமன்று. முதல் இதழ் இருபத்தாறு பக்கங்களே. அதற்குச் சித்திரக்காரருக்கு அவர் எழுதி அனுப்பிய விவரமோ 101 பக்கங்கள். ஐந்தாவது இதழ், நடுப்பக்கத்திலிருந்து இருபுறமும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒத்துச் செல்லும்படி அமைக்கப்பட்டது. 1988ல் விஞ்ஞானக் கதைகளுக்குரிய ஹ்யூகோ பரிசு இதற்குக் கிடைத்தது. 1923க்குப் பின் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல்களில் சிறந்த நூறு என்று 2005ல் 'டைம்' பத்திரிகை வெளியிட்ட ஜாபிதாவிலும் இது இடம்பெற்றது. 'சித்திர நாவல்' என்று இதற்கு வியாபாரிகள் சூட்டிய கௌரவப் பெயர் மூருக்குப் பிடிக்கவில்லை. சித்திரக்கதை என்ற பழைய பெயரே போதும் என்றார்.

இனி வழக்கிற்கு வருவோம். 'வாட்ச்மென்' ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. கம்பெனி அந்தப் புஸ்தகத்தை அச்சிட்டு உபயோகித்துவரும் வரையில் பாத்தியதை கம்பெனிக்கே உரியது. அச்சு நின்று, ஒரு வருஷ காலம் உபயோகியாதிருந்தால் பாத்தியதை இரு கர்த்தாக்களுக்கும் திரும்பிவிடும். வருமானத்தில் நூற்றுக்கு எட்டு வீதம் இருவருக்கும் சேர்த்து உண்டு. ஸீகலுக்கும் ஷுஸ்டருக்கும் நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது தாராளமான ஏற்பாடாகவே தோன்றியது. மூரும் அப்படியே மகிழ்ந்தார். அக்காலத்தில் சித்திரக்கதை இதழ் சில வாரங்கள் கடையில் தொங்கும், பிறகு மறைந்துவிடும். ஆகவே சில வருஷங்களில் தம் படைப்புத் தம் கைக்கு வரும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

நடந்தது என்ன? பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்து 1987ல் ஒரே புஸ்தகமாக்கினார்கள். அது விற்றது; மீண்டும் அச்சிட்டார்கள்; மீண்டும் விற்றது. அன்று தொடங்கிய அச்சு பின்னர் நிற்கவேயில்லை. அதனால் பாத்தியதையும் திரும்பவில்லை. புஸ்தகம் மட்டமாக இருந்திருந்தால் அது ஆசிரியருக்குச் சொந்தமாகியிருக்கும். உயர்ந்ததாக இருந்தமையால் அவர் கையைவிட்டுப் போயிற்று. இதைவிட விசித்திரமான நியாயம் வேறு உண்டோ?

வக்கீல் தொழில் நடத்திய நாட்களில் எத்தனையோ குத்தகைப் பத்திரங்களை நாம் புரட்டியிருக்கிறோம். ஒரு கிழவன் தன் தோப்பை, 'மரங்கள் காய்ப்பது நிற்கும் வரையில் உனக்குக் குத்தகை' என்று ஒரு வியாபாரிக்கு எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதிர்ந்த மரங்கள், இரண்டு மூன்று பருவத்தில் ஓய்ந்துவிடும் என்பது இருவருடைய எண்ணமும். மரங்களோ நாற்பது வருஷம் காய்க்கின்றன. வியாபாரி பத்திரத்தைக் காட்டுகிறான். எழுத்தின்படி அவன் கட்சி ஜயிக்கும். ஆனால் தோப்பை வைத்து வளர்த்தவன் வேலிக்கு வெளியே நிற்பதைப் பார்க்கும் ஊரார் மனத்தில் அந்த ஜயம் நியாயமாகப் படுமா? எழுத்து வேறு, எழுதும்போது இருவரும் கொண்டிருந்த கருத்து வேறு. முன்னதைக் காப்பது சட்டம். பின்னதைக் காப்பது நாணயம்.

'வயதுவந்தவர், படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார், பின்பு புலம்புவானேன்?' என்பது எதிர்க்கட்சியின் வாதம். அதில் பலமில்லை என்று நாம் சொல்லோம். ஒப்பந்தத்தை மதிக்காவிட்டால் வியாபாரம் ஏது? ஆனால் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை எழுதிப் பழகிய சட்ட நிபுணர்கள். மறு பக்கத்தில் தொழிலாளி வீட்டிலிருந்து வந்த எழுத்தாளர். கையொப்பம் இரண்டும் ஒரே அளவு மையினால் ஆனவை. கட்சிக்காரர் இருவரும் ஒரே அளவு பலமுள்ளவர் அல்லர். இந்த வேற்றுமையைக் காணாத கண் நீதிதேவதையின் கட்டிய கண்ணாக இருக்கலாம். நேர்மையின் கண் ஆகாது.

இரண்டாவது ஆக்ஷேபணை இன்னும் கூர்மையானது. 'பிறருடைய பாத்திரங்களைக் கொண்டே மூர் கதை எழுதவில்லையா? தம் பாத்திரங்களைப் பிறர் தொட்டால் மட்டும் ஏன் சினம்?' என்கிறார்கள். உண்மைதான். 1999ல் கெவின் ஓநீல் என்ற சித்திரக்காரருடன் அவர் தொடங்கிய 'லீக் ஆப் எக்ஸ்ட்ராடினரி ஜெண்டில்மென்' பழைய ஆங்கில, பிரெஞ்சு நாவல்களின் பாத்திரங்களை ஒன்றுசேர்த்த கதையே. அவர்களில் ஒருவர் ஜூல்ஸ் வெர்ன் படைத்த காப்டன் நீமோ. அவர் பந்தேல்கண்டு ராஜகுமாரர், திப்பு சுல்தானின் உறவினர், 1857ஆம் வருஷத்துக் கிளர்ச்சியில் போர்புரிந்தவர் என்று வெர்ன் எழுதியிருந்தும், 1954ல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தில் ஜேம்ஸ் மேஸன் என்ற ஆங்கில நடிகரே அவ்வேஷத்தில் தோன்றினார். மூரும் ஓநீலும் நீமோவைத் தலைப்பாகையும் தாடியுமாக இந்தியராகவே மீண்டும் நிறுத்தினார்கள். மூல ஆசிரியரின் கருத்தை மீட்டுக் கொடுத்த இச்செயலை அபகரிப்பு என்று சொல்வது எங்ஙனம்? அன்றியும் வெர்ன் இறந்தது 1905ல். அவர் படைப்பு உலகின் பொதுச் சொத்தாகிவிட்டது. உயிரோடிருக்கும் கர்த்தாவுக்குக் கொடுத்த நம்பிக்கை வேறு, மாண்டவரின் பொதுச் சொத்து வேறு. ஆயினும் 'ஸ்வாம்ப் திங்'கும் வேறிருவர் கற்பித்த பாத்திரமே என்பதையும், அதைக்கொண்டே மூர் அமெரிக்காவில் பெயரெடுத்தார் என்பதையும் நடுநிலைமையாளர் மறக்கலாகாது.

கம்பெனியோடு மூருக்கு ஏற்பட்ட பிளவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. 'வாட்ச்மென்' சின்னங்கள் பொறித்த பொத்தான்களை விற்றுவிட்டு, அது விளம்பரமே தவிர வியாபாரமன்று என்று சொல்லிப் பங்கு கொடுக்க மறுத்தார்கள் என்பது ஒரு குறை. எழுத்தாளர்களைக் கலவாமல் கதைகளுக்கு வயதுக்குறியிடும் திட்டம் கொண்டுவந்தது மற்றொன்று. பாதியில் நின்றிருந்த 'வி ஃபார் வெண்டெட்டா'வை 1989ல் முடித்துக் கொடுத்துவிட்டு அவர் விலகினார். சொந்தமாகப் பதிப்பகம் நடத்திப் பார்த்தார். பன்னிரண்டு இதழ்களாகத் திட்டமிட்ட 'பிக் நம்பர்ஸ்' இரண்டோடு நின்றது. எடி காம்ப்பெலுடன் எழுதிய 'ப்ரம் ஹெல்', விக்டோரியா ராணியின் காலத்து லண்டன் கொலைகளைக் கொண்டு அச்சமூகத்தையே அறுத்துச் சோதித்தது. அது முடியப் பத்து வருஷங்கள் ஆயின. பின்பு வேறொரு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அந்த ஸ்தாபனத்தையே டி.ஸி. கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. தம்மை நம்பி வந்த சித்திரக்காரர்களின் பிழைப்பு கெடலாகாதென்று, மனமில்லாமலே தொடர்ந்து எழுதினார்.

திரைப்படங்கள் அவரது பொறுமையைத் தீர்த்தன. 'லீக்' கதையைத் தழுவிய படம் 2003ல் வந்தபோது, அக்கதை தங்களிடமிருந்து திருடப்பட்டதென்று இருவர் படக் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தார்கள். தாம் எழுதாத படத்திற்காக மூர் பத்து மணி நேரம் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 2005ல் 'வி ஃபார் வெண்டெட்டா' படத் தயாரிப்பாளர், படத்தைக் குறித்து மூர் உற்சாகம் கொண்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். அது உண்மையன்று என்று அறிவிக்கும்படி மூர் கேட்டார். அவர் விரும்பியபடி மறுப்பு வரவில்லை. அதன்பின் அவர் செய்ததே நமது கருத்தைக் கவர்கிறது. நஷ்டஈடு கேட்கவில்லை, அதிகப் பங்கும் கேட்கவில்லை. இத்தகைய படங்களிலிருந்து தம் பெயரை எடுத்துவிடும்படியும், தமக்குரிய பணத்தைச் சித்திரக்காரர்களுக்கே கொடுத்துவிடும்படியும் சொல்லிவிட்டார். 2006ல் வந்த 'வி ஃபார் வெண்டெட்டா'விலும், 2009ல் வந்த 'வாட்ச்மென்' படத்திலும் அவர் பெயர் இல்லை. சித்திரக்காரர்களின் பெயர்களே உள்ளன.

2010ல், மேற்கொண்டு தொடர்கதைகள் வெளியிட அவர் இசைந்தால் 'வாட்ச்மென்' பாத்தியதையையே திருப்பித் தருவதாகக் கம்பெனியார் சொல்லியனுப்பியதாக மூர் தெரிவித்தார். இருபது வருஷத்திற்குமேல் வேண்டியிருந்த பொருள் வாசலுக்கு வந்தது. அவர் மறுத்தார். பத்து வருஷங்களுக்கு முன்பு தந்திருந்தால் ஏற்றிருக்கலாம், இப்பொழுது இந்த நிபந்தனையோடு வேண்டாம் என்பதே அவர் பதிலின் சாரம். கம்பெனியார் 2012ல் அவரின்றியே அக்கதைக்கு முன்கதைகள் வெளியிட்டார்கள். 2019ல் தொலைக்காட்சித் தொடரும் வந்தது.

இவ்விடத்தில் விதியின் பரிகாசம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 'வி ஃபார் வெண்டெட்டா'வுக்காக லாயிட் வரைந்த முகமூடியை, 2011ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெருமுதலாளிகளின் ஆதிக்கத்தை எதிர்த்து வீதியில் கூடியவர்களிற் பலர் அணிந்தார்கள். திரைப்படத்தின் மூலம் அம்முகமூடியின் பாத்தியதை வார்னர் கம்பெனிக்குச் சேர்ந்திருந்தது. உரிமம் பெற்று விற்ற ஒவ்வொரு முகமூடிக்கும் அக்கம்பெனிக்குப் பங்கு போயிற்று. முதலாளித்துவத்தை எதிர்த்து எழுப்பிய கரத்திலேயே முதலாளிக்குக் கட்டிய கப்பம்! தேசத்தொண்டில் ஈடுபட்டவர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். சின்னத்தை ஏந்துவது எளிது. அச்சின்னம் எவனுடைய ஆலையில் செய்யப்படுகிறது என்று விசாரிப்பதே கடினம்.

மூர் கைக்கொண்ட வழியால் நஷ்டமே இல்லை என்று நாம் மயங்கவில்லை. கிப்பன்ஸ் திரைப்படக்காரர்களோடு ஒத்துழைத்தார். அதற்காக அவரைக் குறைகூறுவதற்கு நமக்கு யாதொரு உரிமையும் இல்லை. ஆனால் பழைய நண்பர்களிடையே இவ்விவகாரத்தால் பிரிவு நேர்ந்தது. தாம் மாற்றியமைத்த தொழிலையே மூர் துறந்தார். 2019ல் 'லீக்' கதையின் கடைசிப் பாகத்தோடு சித்திரக்கதைக்கு விடைகொடுத்தார். 2016ல் வெளிவந்த 'ஜெருசலேம்' என்னும் நாவல் ஆறு லக்ஷம் சொற்களுக்கு மேற்பட்டது. தாம் பிறந்த அந்த ஏழைகள் பேட்டையைப் பற்றியது. உலகமெங்கும் புகழ் பரவிய பின்பும் அவர் நார்தாம்ப்டனைவிட்டுக் குடிபெயரவில்லை. எழுபது வயதைக் கடந்தும் உரைநடையில் கதை எழுதிவருகிறார். ஆயினும் சித்திரக்கதை வாசகர்களுக்கு நேர்ந்த நஷ்டம் நஷ்டமே. ஒரு ஷரத்தை அதன் கருத்தின்படி நிறைவேற்றியிருந்தால், இன்னும் எத்தனை அரிய படைப்புகள் நமக்குக் கிடைத்திருக்கும்! எட்டு வீதம் போகத் தொண்ணூற்றிரண்டு வீதத்தையும் காத்துக்கொண்ட கம்பெனி, அதை ஈட்டித்தந்த மனிதரை இழந்தது. இது புத்திசாலித்தனமான வியாபாரமா?

இவ்வழக்கில் நமது அபிப்பிராயம் இதுதான். சட்டத்தின் எழுத்து கம்பெனியின் பக்கம் இருக்கிறது. நாணயம் மூரின் பக்கம் இருக்கிறது. சட்டத்தின் உதவி இல்லாத எளியவனுக்கு ஒரே ஓர் ஆயுதம் மிஞ்சுகிறது. 'உன் பணம் எனக்கு வேண்டாம். என் பெயரும் உனக்குக் கிடையாது' என்று சொல்லும் ஆயுதம் அது. அதனால் இழந்த பாத்தியதை திரும்பாது. ஆனால் எது விலைக்கு அகப்படாது என்பதை வாங்குபவனுக்கு அது தெரிவித்துவிடும். இன்று எழுதப் புகும் இளைஞர்களும், அவர்களுடைய எழுத்தை அச்சிடும் எம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: இந்த எழுத்து நாம் நினைப்பதைவிட நூறு மடங்கு வெற்றி பெற்றால், இந்த ஷரத்து அப்பொழுதும் நியாயமாகவே இருக்குமா? இக்கேள்விக்கு ஆமென்று சொல்லக்கூடிய ஒப்பந்தமே இரு தரத்தாருக்கும் மானமுள்ள ஒப்பந்தம்.